மார்புக்குத் திங்கள், வியாழன்

இப்போது எனக்கு இருப்பது தொந்தி. எழுபதுகளின் கடைசியில் மார்பும் இருந்தது. முத்தியால்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அதை நானே வளர்த்தேன். கொட்டகைக்கு உடற்பயிற்சி நிலையம் என்று பெயர். டால்டா டின்னில் சிமெண்டு ஊற்றி, இரும்புக் கம்பியின் இரண்டு முனையிலும் செருகியதுதான் எங்கள் பளு.

கைக்கு வந்ததை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில், எந்தக் கிழமையில் எந்த உறுப்புக்கு என்று ஒரு முறை கொண்டுவந்தவன் நான். திங்களும் வியாழனும் மார்பு. தண்டால் எடுக்க வேண்டும், மல்லாந்து படுத்துப் பளு தூக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி தோளுக்கும் கைக்கும். புதனும் சனியும் முதுகுக்கு, பாரில் தொங்கி எழும்புவது. உழைத்த சதைக்கு நடுவில் ஓய்வு கொடுக்காவிட்டால் வளராது என்று மேஸ்திரி மாதிரி விளக்குவேன். கால்?

"கால் பேண்டுக்குள்ளதானே மச்சான் இருக்கப்போவுது" என்று தள்ளிவிட்டேன்.

இத்தனையும் போலீஸ் வேலைக்காக. எங்கள் ஊர் போலீஸின் சிவப்பு கெப்பித் தொப்பி தலையில் ஏறிவிட்டால் மில்லுக்குப் போக வேண்டாம். அப்பா மில் தொழிலாளி. நானும் அங்கே பஞ்சுப் பொதி பிரிக்கும் இடத்தில் பதிலி. யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, அப்பா படுத்தால் இருமுவார். அந்த இருமல் எனக்கு வரக்கூடாது என்பதுதான் வீட்டின் வேண்டுதல். அதற்காக அவர் தட்டிலிருந்த முட்டை என் தட்டுக்கு மாறியது.

என் முறைக்கு அடங்காதவன் ஒரே ஒருத்தன். பேண்டு செட்டில் டிரம்பட் ஊதுகிற சிநேகிதன். அவனும் போலீஸுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தான். ஆனால் கல்யாணம், சாவு, மாதா தேர் என்று ஏதாவது ஊர்வலம் வந்தால் கொட்டகைப் பக்கமே வரமாட்டான்.

"இன்னாடா, நேத்து முதுகு நாளாச்சே, எங்க போன?"

"சாவு வந்துடுச்சி மச்சான். கெழம பாத்தா சாவறானுங்க?"

"ஊதிக்கினே இரு. உன் நெஞ்சு கொத்தவரங்கா மாரிதான் இருக்கும்."

ஆளெடுப்புக்கு இரண்டு பேரும் போனோம். அளக்கிறவர் என் மார்பில் டேப்பைச் சுற்றியதும், "பரவால்லியே" என்றார். வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"மூச்ச நல்லா இழுத்துப் புடி."

மூச்சிழுக்கும்போது மார்பு விரிய வேண்டும் என்பது விதி. எனக்கும் தெரியும். சதை வந்தால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். பாதி இழுப்பதற்குள் இருமல் வந்தது. மறுபடி இழுக்கச் சொன்னார். டேப் அசையவில்லை.

"எங்கப்பா வேல செய்யற?"

"மில்லுல சார். பஞ்சுப் பொதி."

"அதானே பாத்தேன். வெளிய நல்லாத்தான் கட்டி வெச்சிருக்க. உள்ள காத்துக்கு எடம் உடலியே."

வரிசையே சிரித்தது. வேறு ஒருவனுக்கு நடந்திருந்தால் அந்த ஜோக்கை நானே அடித்திருப்பேன்.

அடுத்து கொத்தவரங்காய். சும்மா நின்றபோது அளவு விதியை ஒட்டியும் ஒட்டாமலும் தேறியது. பிறகு இழுத்தான் பாருங்கள், அளந்தவர் விரலிலிருந்து டேப் நழுவிவிட்டது. வருஷக்கணக்காகப் பிணங்களுக்கு முன்னால் ஊதிய மூச்சு. வேலை அவனுக்குக் கிடைத்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் திங்கக்கெழமதான் மச்சான் என்னத் தேத்துச்சி. இல்லாட்டி மொத அளவுலியே உட்டிருப்பேன்."

மனசாரத்தான் சொன்னான். அவனை வெறுக்கப் பார்த்தேன். அதற்கும் எனக்குத் தெம்பு போதவில்லை.

செய்தி எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. சோறு போட்டபோது முட்டை அப்பா தட்டில் இருந்தது. அவர் அதைப் பிட்டு, பாதியை என் பக்கம் தள்ளினார். பிறகு என் தோளை அழுத்திப் பார்த்தார்.

"பொதி தூக்க ஆவும். நாளிக்கு மொத ஷிப்டுக்கு ஆள் கொறையுதாம். வா."

"நாளிக்கு மார்பு நாளுப்பா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் முதுகைத் தடவிவிடக் கை நீட்டினேன். எனக்கும் வந்துவிட்டது.