இறந்த நேரம் என்ற கட்டம்

செல்போனில் ஒரு ஃபாரத்தைக் கஷ்டப்பட்டு நிரப்பி, கடைசிப் பட்டனை அமுக்கியதும் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டுதானே? அந்தத் திட்டை எழுதுகிறவள் நான்தான். அரூர் பக்கம் கிராமத்துப் பள்ளியில் படித்தவள், இப்போது தொம்மலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இணையப் படிவங்கள் வடிவமைக்கிறேன். பாப்பாவை பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், நிரப்புகிறவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதுதான் நாள் முழுக்க என் கவலை.

போன வருஷம் ஓர் அறக்கட்டளையின் வேலை வந்தது. சொந்தபந்தம் வந்து சேரும்வரை உடலை வீட்டில் வைத்திருக்க, ஃப்ரீசர் பெட்டி இலவசமாகக் கொடுக்கிறவர்கள். அழுதுகொண்டே நிரப்ப வேண்டிய ஃபாரம். எவ்வளவு எளிமையாகச் செய்தாலும் போதாது.

தானாக வந்த பெயர்

முதல் கட்டத்துக்கு மேலே 'பெயர்' என்று மட்டும் போட்டிருந்தேன். சோதித்துப் பார்க்க என்னோடு வேலை செய்யும் ஹரீஷ் தன் போனில் திறந்தார். கன்னடக்காரர், தமிழும் சரளமாக வரும். விரல் வைத்ததுமே போன் வழக்கம்போல அவர் பெயரையும் விலாசத்தையும் தானே நிரப்பிக்கொண்டது. கவனிக்காமல் அனுப்பிவிட்டார்.

உடனே அவருக்கே செய்தி வந்தது. 'ஹரீஷ் அவர்களின் மறைவுக்கு இரங்கல். பெட்டி கிளம்பிவிட்டது.' இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டோம். 'இறந்தவர் பெயர்' என்று மாற்றி, தானாக நிரம்புவதையும் தடுக்க உட்கார்ந்தேன். ஹரீஷுக்கு அதற்குள் பொறுமை இல்லை. "அய்யோ, பேடா பேடா, வேண்டாம்மா! மொதல்ல என்னை அதுலேர்ந்து அழிம்மா, எங்க வீட்டுல பாத்தாங்கன்னா அவ்ளோதான்!"

நாளைய தேதி

ஃபாரம் ஓட ஆரம்பித்த புதிதில், ஒரு பதிவில் 'இறந்த நேரம்' கட்டத்தில் மறுநாள் தேதி இருந்தது. காலண்டரில் கை தவறியிருக்கும் என்று நினைத்துக் கூப்பிட்டேன். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஓர் அம்மா. குரலில் பதற்றமே இல்லை. அவருக்குப் பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்கே கேட்டது.

வரப்போகும் தேதியைத் தொடவே முடியாதபடி அன்றைக்கே அடைத்துவிட்டேன். அந்த அம்மா சொன்னது மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. "டாக்டர் நாளைக்குத் தாண்டாதுன்னுட்டாரு, கண்ணு. அப்புறம் பெட்டி கிடைக்காமப் போயிடக் கூடாதுல்ல?"

மாறும் உறவு

பாதியில் விட்டுப்போன ஃபாரங்களும் எங்களிடம் சேமிப்பில் இருக்கும். எந்தக் கட்டத்தில் ஆள் ஓடிப்போனார் என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். அதில் ஒன்று மட்டும் தினமும் திறக்கப்பட்டிருந்தது. இறந்தவர் பெயர் தணிகாசலம். ஜோகுபாளையம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. இறந்த நேரம் மட்டும் காலி.

நிரப்புகிறவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தோம். ஒரு நாள் 'மகன்' என்று இருந்தது, மறுநாள் 'தம்பி', அதற்கும் மறுநாள் 'பக்கத்து வீடு'. டிரைவருக்கான குறிப்பும் வளர்ந்துகொண்டே போனது. 'படி குறுகல், பார்த்துத் தூக்கவும்.' 'கீழ்வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது.' ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு வரி: 'கதவு திறந்தே இருக்கும்.'

கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மனிதர் சாவதற்கு யாரோ காத்திருக்கிறார்கள். இல்லை, இனிமேல் காத்திருக்கப்போவதில்லையோ? அனுப்பாத ஃபாரத்தை வைத்து யாரையும் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் விதி. ஹரீஷிடம் காட்டினேன். அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ரூல் கிடக்குது, நீ போன் போடும்மா. அந்த ஆளு உயிரோட இருக்காரான்னு மட்டும் கேளு."

எடுத்தவர்

முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஆண் குரல். "சார், தணிகாசலம்னு ஒருத்தர்... அவர் எப்படி இருக்கார்?" என்றேன்.

"நான்தாம்மா பேசறேன்."

திரையில் 'இறந்தவர் பெயர்' என்ற கட்டம் திறந்தே இருந்தது. அதற்குள் இருந்த பெயர் என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

தனி ஆள். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு தரம் நெஞ்சுவலி வந்தபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்ததாம். அதிலிருந்து தாழ் போடுவதில்லை. காலையில் காப்பி குடித்ததும் ஃபாரத்தைத் திறந்து, தோன்றுவதைச் சேர்ப்பார். "நான் போனப்புறம் அக்கம்பக்கத்துல யாரும் அலையக் கூடாது பாரு. எல்லாம் எழுதிட்டேன். அந்த நேரம் மட்டும் எனக்கு எப்படித் தெரியும்? அதை விட்டா அனுப்ப மாட்டேங்குது."

"அப்போ உறவை ஏன் சார் மாத்திக்கிட்டே இருக்கீங்க?"

"உங்க லிஸ்ட்டுல நான் இல்லையேம்மா. யாரு வருவாங்கன்னு நானும் மாத்தி மாத்திப் பாக்கறேன்."

உயிரோடு இருப்பவருக்குப் பதிவு கிடையாது என்று மெதுவாகச் சொன்னேன். இதை அழித்துவிடட்டுமா என்றும் கேட்டேன். எல்லா ஃபாரமும் நிரம்ப வேண்டும் என்று சம்பளம் வாங்குகிறவள், இந்த ஒன்று மட்டும் நிரம்பாமலே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே அவர் அவசரமாகக் குறுக்கிட்டார்: "அழிச்சிடாதம்மா. காலையில நான் அதைத் தொறக்கலைன்னு தெரிஞ்சா, ஒரு தடவை கூப்பிட்டுப் பாரு."