பூஜை விடுமுறையில் பனி பெய்யாது

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுத் தரையில் காஷ்மீர் வரைபடம் விரிந்து கிடந்தது. ஒரு மூலையில் என் காப்பி டம்ளர். மறு மூலையில் என் மனைவி கல்யாணியின் முழங்கை. நடுவே குல்மார்க்.

அங்கே பனியின் மீது ஓடும் ஸ்கூட்டர் வந்திருக்கிறதாம். முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் பட்டை, சக்கரமே கிடையாது. ஒரு பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து கல்யாணிக்கு வேறு நினைவே இல்லை. சைக்கிள்கூட ஓட்டியறியாதவள்!

எனக்கோ வேறு நினைவுகள். அறிமுகமில்லாத மலை. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? கவிழ்ந்து காலை முறித்துக்கொண்டால் எந்த ஆஸ்பத்திரி? பயணிகளைச் சறுக்குப் பலகையில் உட்காரவைத்து இழுத்துப் பிழைப்பவர்களின் கதி, இந்த இயந்திரம் வந்தபின் என்னாகும்?

"டிராம்ல ஏறும்போதே பின்விளைவை யோசிக்கிறவர் நீங்க. டிக்கெட் எப்போ எடுக்கப் போறேள்? அதைச் சொல்லுங்கோ" என்றாள் கல்யாணி, நான் இவற்றை அடுக்கியதும்.

"பூஜை லீவுக்குத்தான். வேற எப்போ?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் இருப்பவன். துர்கா பூஜைக்கு இந்த ஊரே மூட்டை கட்டும்போது நானும் கட்டுவேன் – அவ்வளவுதான்.

ஆனால், மணமான நாளிலிருந்து, வருஷத்துக்கு இத்தனை என்று அலுவலகம் தரும் எங்கள் இலவச ரயில்வே பாஸ்கள் எல்லாம் கும்பகோணத்துக்கே போயின. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து... தனக்கென்று ஓர் ஊருக்குப் போக வேண்டுமென்று கல்யாணி கேட்டது இதுவே முதல் தடவை.

செய்தித்தாள் வாங்கிப்போக வந்த பக்கத்து வீட்டு பிமல்தா வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். எங்கள் திட்டத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"புஜோய் பொரஃப் கொதாய், மொஷாய்?"

பூஜையின்போது பனி எங்கே இருக்கும்? அக்டோபரில் அங்கே வெறும் புல்வெளி, குதிரைகள் மேயும். பனி வேண்டுமானால் ஜனவரியில் போக வேண்டும். ஆனால் ஜம்முவுக்கு மேலே மலைப்பாதை எப்போது அடைபடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக, பாதை இருந்தால் பனி இல்லை. பனி இருந்தால் பாதை நிச்சயமில்லை. அலுவலக விடுமுறையை அனுசரித்துப் பனி பெய்யும் என்று நம்பிய இருவர் கல்கத்தாவில் எங்களைத் தவிர வேறு யார் இருப்பார்கள்?

போதாக்குறைக்கு, ஜனவரி என்றால் தை. தை என்றால் கல்யாணம். கும்பகோணத்தில் என் அக்காவின் மைத்துனர் மகளுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. எங்களிடம் மிஞ்சியிருப்பதோ ஒரே ஒரு பாஸ்.

"அக்கா என்ன நினைச்சுப்பா?" என்றேன்.

"நீங்க கும்பகோணம் போங்கோ. பந்தியில என்னைக் கேட்டா, குல்மார்க்ல ஸ்கூட்டர் ஓட்டிண்டிருக்கான்னு சொல்லுங்கோ. நான் பௌதியைத் துணைக்கு அழைச்சுண்டு போய்க்கறேன்!"

பௌதி என்பது பிமல்தாவின் மனைவி. தமிழ் தெரியாத பிமல்தாவுக்கும் நிலவரம் புரிந்துவிட்டது. செய்தித்தாளை மடித்துக்கொண்டு நழுவினார்.

கல்யாணி என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தின் மடிப்பையே விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

நீங்களே சொல்லுங்கள்... முன்யோசனை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் பாதி, அடுத்தவர் ஆசையைத் தள்ளிப்போடும் சாமர்த்தியம்தானோ? எல்லா விளைவுகளையும் எடை போட்டேன். இவள் போகாமலே இருந்துவிட்டால் என்ன விளைவு என்பதை மட்டும் தராசில் வைக்கவேயில்லை.

மறுநாள் ஜனவரிக்கு விடுப்புக் கேட்டேன், கிடைத்துவிட்டது. பாதை அடைபட்டால் ஜம்முவில் காத்துக்கிடப்போம் – இரண்டு பேரும்.

அக்காவுக்குத்தான் இன்னும் கடிதம் எழுதவில்லை. அதை நினைத்தால், பனிச்சரிவுகூடச் சமாளிக்கக்கூடியதுதான் என்று தோன்றுகிறது!