பொய்மீன் வாங்க நுவரெலியா போனது

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு நோர்வூட் கடைவீதியில் பஸ் ஏறினேன். ஹட்டனுக்கு எட்டு மைல் சொச்சம், நாற்பது சதம். டிக்கோயா தாண்டும்வரை பனி விலகவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் தேயிலை தெரியவில்லை. எங்கோ ஒரு தோட்டத்தில் காலையில் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் பூங்கா பார்க்கப் போவார்கள், குதிரைப் பந்தயம் பார்க்கப் போவார்கள். நான் போனது மீன் பிடிக்கிற பொய்மீன் ஒன்று வாங்க. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை காலியாக இருந்தது. எங்கள் லயத்து வீடுகளில் எஸ்.எஸ்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். என் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. பெரிய கிளாக்கரோ தன் மச்சான் மகனைக் கொண்டுவரப் பார்த்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆன புதுத் துரை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒருநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வரச் சொன்னார்.

"நுவரெலியா போ. பொய்மீன் நாலஞ்சு மாதிரி இருக்கும். ஒண்ணு மட்டும் கொண்டு வா. ஏன் அதுன்னு எனக்குச் சொல்லணும். பிறகு வேலை பேசுவோம்."

நோட்டன்பிரிஜ் அணைத் தண்ணீரில் கிடக்கும் ஜப்பான் மீனை, அதாவது திலாப்பியாவைப் பிடிக்கத்தான் அது. ஆப்பிரிக்காவில் அதை 'பிரீம்' என்பார்களாம். பள்ளிக்கூட அகராதியில் தேடினேன். 'ஒரு வகை மீன்' என்று போட்டிருந்தது. அத்துடன் என் படிப்பு முடிந்தது.

எட்டரைக்கு ஹட்டனில் ரயில். நானுஓயாவுக்கு இருபது மைல், மூன்றாம் வகுப்பு எண்பது சதம். சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டில் என் காலை ஏதோ கொத்தியது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால், எதிர்ப்பலகையில் இருந்த அம்மாவின் கூடையிலிருந்து ஒரு செஞ்சேவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க தம்பி, ஆளைப் பாத்துத்தான் கொத்தும்" என்றார் அந்த அம்மா. லிந்துலைப் பக்கம் மகள் வீட்டு முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலாம்.

"இன்னைக்கு அறுத்துருவீங்களா?"

"அதை நானா முடிவு பண்றது? சாமி முன்னால நிறுத்தித் தண்ணி தெளிப்போம். உடம்பை உலுக்குச்சின்னா சாமிக்குச் சம்மதம். உலுக்கலைன்னா வேண்டாங்குதுன்னு அர்த்தம். பாக்க எம்புட்டுக் கொழுகொழுன்னு இருந்தாலும் தண்ணி பட்டாத்தான் தெரியும். நீங்க எதுக்குப் போறீங்க?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சேவல் கூடைக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

"மரத்துல செஞ்ச மீனைத் திங்க உசுருள்ள மீனு வருமா? அப்படி வந்தா அதுக்குப் பைத்தியம். சரி, வாங்குறதுதான் வாங்குறீங்க, நல்லா வயிறு உள்ளதா வாங்குங்க. காஞ்சு கெடக்கிறதைப் பாத்து எவன் வருவான்?"

கொட்டகலைக்கு அப்பால் சென்கிளயர் அருவி தெரிந்தது. வண்டியில் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நான் வயிறுள்ள மீனையே நினைத்துக்கொண்டிருந்ததால் பாதி அருவிதான் பார்த்தேன். அந்த அம்மா தலவாக்கலையில் இறங்கிப் போனார்.

நானுஓயாவில் இறங்கும்போது குளிர் காதைப் பிடித்தது. அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மைல் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. முன் ஆசனத்தில் இருந்ததால் டிரைவரிடமும் கேட்டுவைத்தேன். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார்; தம்பிக்கு மட்டும் 'மல்லி' என்றார்.

"மல்லி, நடுவுல கீல் வச்சு ரெண்டு துண்டா ஒண்ணு இருக்கும். அதைத்தான் வாங்கணும். இப்படி, இப்படி வளையும்" என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். பின்னால் இருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். அவர் அந்த வளைவை எடுத்த விதத்தைப் பார்த்தால், வளையாத எதையும் அவர் மதிக்கமாட்டார் என்று தோன்றியது.

பதினொன்றேகாலுக்கு நுவரெலியா. துப்பாக்கி, தூண்டில், கோல்ஃப் மட்டை விற்கும் கடை கடைவீதியின் மேல்கோடியில் இருந்தது. நான் போய் அதன் பக்கத்து ஜன்னலடியில் நின்றேன். தோட்டத்து ஆபீசிலும் தேயிலை ஸ்டோரிலும் எங்கள் ஆட்கள் நிற்கிற இடம் அதுதானே. கடை முதலாளி நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் கம்பளி மப்ளருமாக எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வாசல் எதுக்கு வச்சிருக்கேன்? உள்ள வாங்க."

ஒரு தட்டில் பச்சைத் துணி விரித்து நாலு பொய்மீன்களை வரிசையாக வைத்தார். நாலும் மரம். வர்ணம் பூசி, கண்ணாடிக் கண் வைத்து, வயிற்றிலும் வாலிலும் மும்முள் தூண்டில் தொங்கியது. முதலாவது குண்டு, கொழுக்கட்டை மாதிரி வயிறு, தாடையில் ஒரு தகர நாக்கு. இரண்டாவது மெலிசு, பீன்ஸ் காய் நீளம், பீன்ஸ் காய் பருமன். மூன்றாவது டிரைவர் சொன்ன கீல்மீன். நாலாவதுக்கு வாய் குழிந்து சிரட்டை மாதிரி இருந்தது. இழுத்தால் தண்ணீரைத் துப்புமாம். எதை எடுத்தாலும் மூன்றேமுக்கால் ரூபாய்.

"எது மொதலாளி நல்லது?"

"எல்லாம் நல்லது. கெட்டதை வச்சு நான் யாவாரம் பண்ணுவேனா?"

"ஜப்பான் மீனுக்குங்க?"

"ஜப்பான் மீனு பாசியில்ல திங்கும்! அதுக்கா பொய்மீன் கேக்குறாரு உங்க துரை?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா கேக்குறவரு துரை. கடிச்சாலும் கடிக்கும்."

பாசி தின்கிற மீனுக்கு எந்த உருவத்தைக் காட்டி என்ன பயன்? குண்டை எடுத்தேன். மெலிசு அழகாக இருந்தது. மெலிசை வைத்துவிட்டுக் கீல்மீனை எடுத்தால் அது கையில் நெளிந்தது. அப்போதுதான் சேவல் ஞாபகம் வந்தது.

"மொதலாளி, தண்ணியில போட்டுப் பாக்கலாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் வேறு. என்ன நினைத்தாரோ, கடையைப் பூட்டி, நாலு மீனையும் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடந்தார். ஏரியில் காற்று அடித்தது. கரையில் குனிந்து ஒவ்வொன்றாக நூலில் கட்டி இழுத்தோம்.

கடையில் அழகு காட்டிய கீல்மீன் தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து செத்தது மாதிரி வந்தது. சிரட்டைவாய் துப்பியதில் முதலாளியின் மப்ளர் நனைந்தது. குண்டு, நாக்கால் தண்ணீரைக் குத்தி ஆழத்துக்குப் போய், உடம்பெல்லாம் உலுக்கிக்கொண்டு வந்தது. சாமி கணக்கில் இதற்குச் சம்மதம் ஆகிவிட்டது. ஆனால் நோட்டன் தண்ணீருக்கு அடியில் மூழ்கிய மரக்கட்டைகள் எத்தனையோ. ஆழம் போனால் மாட்டிக்கொள்ளும். மெலிசு உலுக்கவே இல்லை. மேலாக, விட்டு விட்டுப் பாய்ந்தது. கட்டைக்கு அது பயப்படவேண்டாம்.

"அப்ப மெலிசு" என்றேன்.

"குண்டும் இழுக்குறதை நிறுத்துனா மெதந்து மேல வந்துரும் தம்பி" என்றார் முதலாளி. இருந்த கொஞ்சம் தெளிவும் போயிற்று.

கடைக்குத் திரும்பி குண்டு என்றேன். துரைமார் பார்சல் கட்டும் முறைப்படி அட்டைப்பெட்டியில் வைத்து, பழுப்புக் காகிதம் சுற்றி, முடிச்சில் சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். மெலிசு என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அதே மாதிரி பெட்டியில் கட்டி முத்திரை வைத்தார்.

"இனி உடைக்கமாட்டேன். ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, புண்ணியமாப் போகும்!"

மூன்று மணி பஸ் ஹார்ன் அடித்தது. மூன்றேமுக்கால் ரூபாயை மேசையில் வைத்தேன்; ஒன்றை எடுத்தேன், வைத்தேன், மற்றதை எடுத்தேன், ஓடினேன். நானுஓயா இறக்கத்தில் பாதி போனபிறகுதான் உறைத்தது: எடுத்தது எது?

பிரித்துப் பார்க்கலாமே என்று வாசகர் கேட்பார். அரக்கு வைத்த துரை பார்சலை வழியில் பிரித்தவனைத் தோட்டத்தில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பது தோட்டத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

தலவாக்கலையில் அதே அம்மா ஏறினார். கூடைக்குள் அதே சேவல்.

"உலுக்கலைங்களா?"

"மூணு தடவை தெளிச்சோம். கல்லு மாதிரி நிக்குது. சாமி வேண்டாங்குது, நான் என்ன செய்ய?" என்றவர், என் கதையைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் காதருகே ஆட்டினார். முள் உரசும் சத்தம்தான் வந்தது. "ரெண்டுக்கும் காரணம் யோசிச்சு வச்சுக்குங்க தம்பி. எது வந்தாலும் வாயில பதில் இருக்கணும்."

ஹட்டன் வரை யோசித்தேன். குண்டுக்கான காரணங்கள் மெலிசை வேண்டாம் என்றன. மெலிசுக்கான காரணங்கள் குண்டைக் குறை சொன்னன. இரண்டும் எனக்கு நியாயமாகவே பட்டன.

ஞாயிறு காலை ஆபீஸ் ஜன்னலில் பெட்டியை நீட்டினேன். துரை பேனாக்கத்தியால் அரக்கை உடைத்தார். மெலிசு.

"ஏன் இது?"

யோசித்து வைத்திருந்தது எல்லாம் கலைந்துபோயிற்று. ஏரியில் பார்த்ததை அப்படியே சொன்னேன்: எது சாய்ந்தது, எது துப்பியது, எது உலுக்கியது, எது பாய்ந்தது, கட்டை எங்கே இருக்கும் என்பது வரை. மீன் பாசி தின்னும் என்று முதலாளி சொன்னதையும் மறைக்கவில்லை. இது கடிக்குமா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"நாலையும் தண்ணியில போட யார் சொன்னது?"

"ஒரு சேவல், தொரை."

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "நாளைக்கு ஏழரைக்கு வா" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் தூண்டிலோடு நோட்டன்பிரிஜ் போனார். மீன் கடித்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நுவரெலியாவில் குளிர் அதிகம், ரோஜா அதிகம், ரோடு அகலம். எங்கள் நோர்வூட் அதனிடம் தோற்றுத்தான் போகும். ஆனாலும் அந்த ஊரில் என் மனத்தில் நிற்பது ஏரியும் இல்லை, ரோஜாவும் இல்லை; 'வாசல் எதுக்கு வச்சிருக்கேன்' என்று மப்ளர் கட்டிய ஒருவர் கேட்டதுதான். திங்கட்கிழமை ஏழரைக்கு ஆபீசுக்குப் போனபோது என் கால் பழகிய வழியில் ஜன்னலடிக்கே போய் நின்றது. துரை காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பேனாவை மட்டும் நீட்டி வாசலைக் காட்டினார்.