வெயில் போதாத ரத்தம்

நான் வாழும் இந்த நார்வே ஊரில் கர்ப்பிணிகளுக்கு வெயிலைச் சொட்டு மருந்தாகத் தருகிறார்கள். மருந்துக்கடையில் பால்புட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைட்டமின் டி அடுக்கியிருக்கிறது. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலைத் திட்டியே வளர்ந்த எனக்கு, முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஐந்தாம் மாதம் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

யூர்மூர், அதாவது பிரசவம் வரை நம்மைக் கவனிக்கும் செவிலி, கணினித் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். டி மிகவும் குறைவு, எனக்குக் குறைந்தால் பிறக்கிற பிள்ளைக்கும் குறையும் என்றாள். பிறகு, "வீட்டைவிட்டு வெளியே போக உன் கணவர் விடுவாரா?" என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புகிறவள் நான். சூரியனே எட்டிப்பார்க்காத ஊரை வைத்துக்கொண்டு என் புருஷன்மேல் பழி போடுகிறாள். "நான் உப்பில் வேலை செய்தவள்" என்றேன், அரைகுறை நார்வேஜிய மொழியில். அவள் இரக்கத்தோடு தலையசைத்தாள். "ஆமாம், கர்ப்பகாலத்தில் உப்பைக் குறைப்பது நல்லது."

அவளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அதே கேள்வியை என் அக்கா செல்வியிடம் யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

அக்காவும் என்னோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரியவள்தான். புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தோம். உண்டான நாளிலிருந்து மாமியார் அவளை மொட்டைமாடிக்குக்கூட விடவில்லை. "வெயில்ல நின்னா புள்ள உன்ன மாதிரியே கருப்பா பொறக்கும்" என்று ஜன்னலுக்கும் கனத்த திரை போட்டாள். பிள்ளை சிவப்பாகத்தான் பிறந்தான். இரண்டாவது வாரம் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்திய பிறகு, டாக்டரம்மா அக்காவின் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். "அம்மா உடம்புலயே டி இல்ல, புள்ளைக்கு எங்கேர்ந்து வரும்? அதான் கால்சியம் எறங்கி ஃபிட்ஸ் வந்திருக்குது."

மாமியார் அங்கேயே சொன்னாள்: "உப்பளத்துக்காரி ரத்தம், வேற எப்படி இருக்கும்?"

என் அம்மா விடவில்லை. "வெயில்லயே வளந்த பொண்ணுங்க அது. இருட்டுல போட்டு அடைச்சது நீங்க."

டிஸ்சார்ஜ் ஆனதும் அக்காவையும் பிள்ளையையும் மரக்காணத்துக்கே கூட்டி வந்துவிட்டாள். பிள்ளை தேறிவிட்டான். அக்கா திரும்பிப் போகவில்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். இழுப்பு எதுவும் வரவில்லை. குளிர் விட்டு முதல் வெயில் அடித்த நாளில் அவளைப் பூங்காவுக்குத் தூக்கிப்போனேன். ஊரே சட்டையைக் கழற்றிப்போட்டுப் புல்லில் கிடந்தது. வீடியோ காலில் பேத்தியைப் பார்த்த அம்மா பதறினாள். "அடியே, கருத்துடப்போறா, மூஞ்ச மூடு!" ஆஸ்பத்திரியில் அப்படிப் பேசிய அதே அம்மா. போனை வெடுக்கென்று அணைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி குழந்தையைப் பார்த்துப் புன்னகைத்தாள். "உங்கள் ஆட்களுக்கு வெயில் நிறைய வேண்டும், இல்லையா?"

யாருடைய ஆட்கள்? மகளின் கால்கள் அந்த வெயிலில் உதைத்துக்கொண்டிருந்தன. அவள் முகத்தின்மேல், எப்போது குனிந்தேன் என்று எனக்கே தெரியாமல், என் நிழல் விழுந்திருந்தது.