தவறு செய்தவர் பெயர்

அறுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஓர் அலுவலகத்தில், வரி வரியாக அச்சடிக்கும் பெரிய பிரிண்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளின் முடிவுகளை அடித்துக் கொடுப்போம். நான் தற்காலிகம். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறைக் குடித்தனம், மனைவிக்கு ஏழாவது மாதம். வேலை நிரந்தரமாகாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த மெஷினிடம் இருந்த நேர்மையை அங்கே வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை. காகிதம் தீர்ந்தால் ஒரு விளக்கு, கிழிந்தால் இன்னொன்று. உள்ளே எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். சரியான எழுத்து எதிரே வரும் கணத்தில் சுத்தியல் அடிக்க வேண்டும். சங்கிலி இம்மி பிசகினால் ஐந்து விழ வேண்டிய இடத்தில் ஆறு விழும். உடனே சிவப்பு விளக்கை எரியவிட்டு, மெஷின் தானாக நின்றுவிடும். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து, மறுபடி அடித்து, கிழித்த தாளோடு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பதிவேடோ எல்லாவற்றையும் கையால் நகலெடுத்த காலத்தில் கோடு போட்டது. தேதி, பிழை, தவறு செய்தவர் பெயர். மெஷினுக்கென்று கட்டம் கிடையாது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அதிகாரி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதனால் சங்கிலி பிசகியதற்கெல்லாம் என் பெயரை எழுதினேன். என்னைப் போல ஒரு மடையன் கிடைப்பானா?

நிரந்தரமாக்கும் சமயத்தில் அதிகாரி அதே பதிவேட்டைப் புரட்டினார். கோயிலில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "அடியேன்" என்று குனிகிற மனிதர்.

"பக்கத்துக்குப் பக்கம் உங்க பேர்தான் இருக்கு."

"அது மெஷின் கோளாறு சார். சிவப்பு விளக்கு எரிஞ்சுது, எழுதினேன்."

"மெஷின் ஆயிரம் சொல்லும். அதை நீங்க ஏன் எழுதினீங்க?"

இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். காவிரிப் பாலம் தாண்டும்வரை சைக்கிளில் அவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த முறை சிவப்பு விளக்கு எரிந்தபோது நான் தாளைக் கிழிக்கவில்லை. என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. பொத்தானை அழுத்தினேன், மெஷின் மறுபடி ஓடியது. பட்டியல் அப்படியே வாசல் பலகைக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து, சமயபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஹால் டிக்கெட்டோடு வந்தாள்.

"நல்லா எழுதியிருந்தேன் சார். என் நம்பரைக் காணோம். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

அலுவலகப் பிரதியை எடுத்தேன். விளக்கு எரிந்த அதே பக்கம். அவள் எண் இருக்க வேண்டிய இடத்தில், ஓர் இலக்கம் மாறி வேறோர் எண். அவள் எண்ணையும் மதிப்பெண்ணையும் துளைகளாகப் பதிந்த அட்டை, மெஷின் படிக்கிற அட்டை, அடுத்த அறையிலேயே இருந்தது. எடுத்து ஒத்துப்பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் எடுத்தால், மூன்றாவது கட்டத்தில் பெயர் எழுத வேண்டும். இந்த முறை தப்பு உண்மையிலேயே என்னுடையது.

"இல்லம்மா. லிஸ்ட்ல இருக்கறதுதான்."

"சரிங்க சார்" என்று ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. இந்த ஆறு மாதப் பக்கங்களில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்று பாராட்டி, அதிகாரி நிரந்தர உத்தரவை நீட்டினார். எனக்கு என்னை நினைத்தாலே கேவலமாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.