நான்ஸுக்கும் ப்ரூயிட்டுக்கும் நடுவில்

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாகியும் டயர் கடை வெர்னுக்கு அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. படிக்காமல் போட்டது அவர்தான். அதுவும் தெரியும்.

டெஸ்ரி ஆஸ்போர்ன் அவர் வீட்டுக்கு வந்தபோது பதினாறு வயது. அரசாங்கப் பொறுப்பில் வளர்ப்பு வீடுகளில் வளர்ந்த பெண். இது எட்டாவது வீடு, ஆறாவது பள்ளிக்கூடம். ஒவ்வொரு தடவையும் வருஷ நடுவில் பிடுங்கிக்கொண்டு போனதால், பாதி படித்த பாடமெல்லாம் கணக்கில் சேரவில்லை. அல்ஜீப்ராவை மட்டும் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

"அதுக்கு எம்மேல ஒரு கண்ணு, பெருசு. எந்த ஊருக்குப் போனாலும் பின்னாடியே வந்துடுது."

"பேசாம அதையே கட்டிக்க. எனக்குச் சாப்பாடாவது மிச்சம்."

வெர்னின் டயர் கடையில், பழைய லாரி டயர்மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். கடைசி வருஷம் மார்ச் வரை ஒரு பாடத்திலும் தோற்கவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு முடிக்கும் பட்டமளிப்பு விழா அங்கிக்கு அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது.

அப்போதுதான் வெர்னுக்கு இடுப்பு ஆபரேஷன். மூன்று வாரம் யாராவது அவளை வைத்துக்கொள்ளட்டும் என்று பிள்ளைகளை வீடுகளில் விடும் அரசாங்க ஆபீசுக்குப் போனார். அங்கே தற்காலிகமாக விட ஒரு தாள். பிள்ளையே வேண்டாமென்று பதினாலு நாள் நோட்டீஸ் கொடுக்க வேறொரு தாள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

கம்பை ஊன்றிக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனால், "நீங்கதான சார் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றாள் ஆபீஸ்காரி.

டெஸ்ரி கேன்சஸ் மாநிலத்தின் மறுகோடியில், ஒன்பதாவது வீட்டில் இருந்தாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவள் பாதி முடித்திருந்த நாலு பாடங்களையும் ஏற்கவில்லை. இன்னொரு வருஷம் படிக்கணுமாம்.

வெர்ன் மூன்று ஆபீஸ் ஏறினார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசி அனுப்பினார்கள். அங்கி மட்டும் தபாலில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மே மாதம் போன் வந்தது. "பதினெட்டு முடிஞ்சிடுச்சு, பெருசு. மாட்டுக்கறி பாக்டரில வேலைக்குச் சேந்துட்டேன். பள்ளிக்கூடம் போதும்."

"தப்பு என்னுதும்மா. படிக்காமப் போட்டுட்டேன்."

"தெரியும். டயர்ல இருக்குற நம்பரைத் தவிர நீ வேற என்னத்தப் படிச்சிருக்க?"

சிரித்தாள்.

"ஒண்ணு செய்யி. நம்ம பள்ளிக்கூடத்துல பட்டம் குடுக்குற அன்னைக்கு மைதானத்துல போய் உக்காரு. குடும்பப் பேரோட இங்கிலீஷ் எழுத்து வரிசையில கூப்பிடுவாங்க. நான்ஸ் முடிஞ்சு ப்ரூயிட் வர்றதுக்கு முன்னாடி, 'ஓ'வுல ஆரம்பிக்கிற ஆஸ்போர்ன், அதான் என் இடம். கைதட்டாத, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அப்ப சும்மா ஒரு தடவை இருமு."