ஆதிமனிதனின் கைக்குட்டை

நாற்பத்தொரு வயதில் எனக்கு மனித மனதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் எச்.ஆர். நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்ட மறுநாள் வந்த ஆசை அது. தபால் வழியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தேன். படிக்க நேரம்? தங்கவயலிலிருந்து ரயிலில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. மனித மனதுக்கு அது போதும்.

ரயிலில் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. வண்டி மாரிகுப்பத்தில் புறப்படும். நாங்கள் நாலைந்து பேர் கோரமண்டலில் ஏறுவோம். அதற்குள் உட்கார இடம் இருக்காது. அதனால் மாரிகுப்பத்தில் ஏறுகிற ஆள் மற்றவர்களுக்கும் சேர்த்து சீட்டில் கைக்குட்டை போட்டுவைப்பார். கைக்குட்டை கிடக்கிற இடத்தில் எவனும் உட்காரக் கூடாது. பட்டா நிலத்துக்குக்கூட இங்கே அவ்வளவு மரியாதை கிடையாது. எங்கள் கூட்டத்துக்குக் கைக்குட்டை போடும் பொறுப்பு என் தங்கையின் கணவருடையது. ஐந்து கைக்குட்டை, ஐந்து நிறம். அவற்றின் நடுவே காலை அகட்டிக்கொண்டு, கோட்டையைக் காக்கிற தளபதி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அந்த மாதம் எனக்கு வந்த பாடம், மனிதனுக்கு ஏன் அடிதடி புத்தி வந்தது என்பதற்குப் பரிணாமம் சொல்லும் காரணங்கள். அடடா, என்ன பாடம்! ஆதிகாலத்தில் ஆண்கள் இரைக்கும் இடத்துக்கும் அந்தஸ்துக்கும் பெண்ணுக்கும் முட்டி மோதினார்களாம். முறைத்தவன் பிழைத்தான், அவன் வம்சம் பெருகியது. பிறக்கிற பிள்ளை தன்னுடையதுதானா என்று ஆணுக்குச் சந்தேகம். அதனால் பெண்ணை மிரட்டி வைத்தான். பொறாமை வந்த வழியும் அதுதானாம். நான் வாய்விட்டுப் படித்து, தமிழில் விளக்கி, கைத்தட்டல் வாங்கினேன். எதிர் சீட்டுக்காரர்கள் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள்.

"அப்ப நம்ம மேல தப்பு இல்ல, இன்னா மச்சான்?" என்று கேட்டார் தங்கை கணவர்.

"ரத்தத்துலயே கீது மாப்ளே," என்றேன் நான். பெரிய மேதை.

பாடத்தின் கடைசியில் 'குறைபாடுகள்' என்று இரண்டு பக்கம் இருந்தது. அதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வராது என்று சொல்லியிருந்தார்கள். வராததை எதற்குப் படிப்பானேன்?

அடுத்த செவ்வாய்க்கிழமை பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும் மாப்பிள்ளை தன் சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கினார். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஏறினார். கதவு அகலத்துக்கு ஆள். கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்தார், உதறினார், அழகாக மடித்தார், சீட்டில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை திரும்பி வந்ததும் மடித்த கைக்குட்டையை அவர் கையிலேயே கொடுத்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, குரு," என்று கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளும்படி கன்னடத்தில் சொன்னார் சிரித்துக்கொண்டே.

மாப்பிள்ளை அந்தத் தோளைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெங்களூர் வரை நின்றார். நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது; உதாரணம் கண்ணெதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நோட்டை எடுத்து எழுதினேன்: 'இடத்துக்கான போட்டி. பலம் குறைந்த ஆண் பணிகிறான். மோதல் முடிந்தது.'

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தங்கை கையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள். இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவரைப் பார்த்து, "இன்னா, மூஞ்சி தொங்கிப்போய் கீது?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். இதுவரை அவரை மரியாதையாகத்தான் சொல்லிவருகிறேன். இனியும் அப்படியே சொல்கிறேன். வீட்டு மாப்பிள்ளை இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை. அவள் திரும்பிப் போக வேண்டுமா வேண்டாமா என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்யக் கூடியிருந்தோம். நடு நாற்காலியில் பெரியப்பா. முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறியவர். பக்கத்தில் பெரியம்மா. சுவரில் புத்தர், வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு. இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார்.

"தப்புதான் பெரியப்பா, இல்லேங்கல," என்று ஆரம்பித்தார். "ஆனா ஆம்பளன்னா கோவம் வரும். ஆதி மனுசன் காலத்துலேர்ந்து ரத்தத்துல வர்றது. நானா சொல்லல. மச்சான்தான் புஸ்தகத்த வெச்சிகினு படிச்சி சொன்னாரு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதற்கு ஃபீஸ் கட்டி ரசீதும் வாங்கி வைத்திருந்தேன். 'குறைபாடுகள்' என்ற அந்த இரண்டு பக்கத்தை சனிக்கிழமைதான் படித்திருந்தேன். "ஒண்ணு ஏன் நடக்குதுன்னு காரணம் சொன்னா, அது சரின்னு ஆயிடாது," என்றேன்.

"அன்னிக்கி அத்த சொல்லலியே மச்சான்," என்றார் அவர். வாஸ்தவம்தான்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "நாங்கல்லாம் கேஜுல நெருக்கிகினு கீழ போவோம். ஒருத்தன் காலு ஒருத்தன் மேல. ஒரு பய கை தூக்க மாட்டான், தூக்குனா கையே போய்டும். மேஸ்திரி திட்டுவான், தொரை திட்டுவான், வாயத் தொறக்க மாட்டோம். கோவத்தல்லாம் அடக்கி வெச்சிகினு, மேல ஏறி ஊட்டுக்கு வந்துதான்..."

பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெரியப்பா அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு வேறு வழியாக வந்தார். "அடிக்கிற கைதாம்மா அணைக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போ."

எனக்கு வந்ததே கோபம்! "எதுடா அந்த அடிக்கிற கை?" என்று பாய்ந்து மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தேன். அவரும் எழுந்தார். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு ஆதிமனிதர்கள். என் பாடப் புத்தகத்துக்குப் படம் தேவைப்பட்டிருந்தால் அப்போதே எடுத்திருக்கலாம்.

"ண்ணா, நீ குந்து," என்றாள் தங்கை. குரலை உயர்த்தவே இல்லை. "நீயும் குந்துய்யா."

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் கணவரைப் பார்த்துப் பேசினாள்.

"ட்ரெய்ன்ல ஒருத்தன் உன் எடத்துல குந்திகினான். உன் கர்ச்சீப்ப மடிச்சி உன் கைலயே குட்த்தான். நீ வாங்கிகின. என்ன அடிச்சிட்டு அப்பால அழுதுகினே நீதான சொன்ன? அவன இன்னா பண்ண நீ?"

மாப்பிள்ளை பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ரத்தத்துல கீதுன்னியே, அது பங்காரப்பேட்டைலேர்ந்து பெங்களூரு வரிக்கும் தூங்கிச்சா? திரும்பி வந்து நம்ம ஊட்டு வாசப்படி ஏறுனதும் எய்ந்துகிச்சா? ஆள் பாத்து எய்ந்துக்கற ரத்தமா அது?"

இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்று நம் ஊரில் ஒரே வரியில் சொல்வதைத்தான் அவள் கேட்டாள். எனக்கு அதற்கு ஒரு செமஸ்டர் ஆகியிருந்தது.

"நான் வரேன்," என்றாள் கடைசியில். "மொதல்ல நீ போயி அவன்கிட்ட 'இது என் எடம், எய்ந்துரு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. அடிக்க வாணாம், வாயத் தொறந்து சொன்னா போதும். சொல்லிட்டு வந்து என்ன கூப்டு."

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எய்ந்துரு, போலாம்," என்று பெரியம்மா அவர் கையைப் பிடித்தாள்.

மாதங்கள் ஆகின்றன. மாப்பிள்ளை இன்னும் கூப்பிட வரவில்லை. இப்போது வேறு பெட்டியில் போகிறார். எங்களுக்குக் கைக்குட்டை போட ஆள் இல்லை. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டுதான் போகிறோம். பங்காரப்பேட்டைக்காரர் மட்டும் எப்படியோ தினமும் உட்கார்ந்துவிடுகிறார்.

போன வாரம் தங்கை அலமாரியை ஒழுங்குசெய்யும்போது என் நோட்டு கையில் கிடைத்தது. நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

"இது அன்னிக்கி ட்ரெய்ன்ல எய்தினதா?"

"ஆமா."

"'மோதல் முடிந்தது'," என்று வாய்விட்டு வாசித்தாள். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்ட கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தரை பிளந்து பழைய சுரங்கத்துக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு தபா எவனாச்சும் இந்த மாரி அடங்கி நிக்கறதப் பாத்தன்னா, நோட்ல எய்திகினு சிரிச்சிகினு குந்தியிருக்காதண்ணா. அவன் பொண்டாட்டிக்கு ஒரு போன் பண்ணி சொல்லு."